இங்கிலாந்தில் முதல் வீடு: சொலிசிட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீங்கள் சொன்ன விலைக்கு விற்பவர் சம்மதித்துவிட்டார் என்று சொல்ல, அவருக்காக வீட்டை விற்றுத் தரும் எஸ்டேட் ஏஜென்ட் அழைப்பார். அதே அழைப்பில் அடுத்த கேள்வியும் வரும்: "உங்கள் சொலிசிட்டர் யார்?" பதில் கைவசம் இல்லையென்றால், "எங்களிடம் நல்லவர் ஒருவர் இருக்கிறார், விவரம் அனுப்பட்டுமா?" என்பார். மகிழ்ச்சியில் இருக்கும் மனிதர் சரி என்று சொல்லிவிடுவார். வாழ்நாளின் மிகப் பெரிய செலவைக் கவனிக்கப் போகிறவர் பலருக்கு இப்படித்தான் அமைகிறார்.

ஊரில் சொத்து வாங்கிப் பழகியவர்களுக்கு இங்குள்ள முறை புதிது. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, பத்திரம் எழுதி, சார்பதிவாளர் முன்னால் நேரில் நிற்கிறோம். இலங்கையில் நொத்தாரிசு முன்னிலையில் உறுதியில் (பத்திரத்தில்) கையெழுத்திடுகிறோம். இங்கிலாந்தில் நீங்கள் எந்தப் பதிவு அலுவலகத்தின் வாசலையும் மிதிக்கப் போவதில்லை. வில்லங்கம் பார்ப்பது, விற்பவர் தரப்பிடம் கேள்வி கேட்பது, வங்கிப் பணத்தை வாங்கிச் செலுத்துவது, வரி கட்டுவது, லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசின் நிலப் பதிவுத் துறையில் உங்கள் பெயரைப் பதிவது எல்லாம் சொலிசிட்டர் என்ற அந்த ஒரு வக்கீலின் கையில். வீட்டில் குறை இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது வாங்குபவர் பாடு என்பதுதான் இந்த நாட்டுச் சட்டத்தின் அடிப்படை. ஆகவே நீங்கள் தேடுவது காகிதம் நகர்த்தும் குமாஸ்தாவை அல்ல. தேவைப்பட்டால் "இந்த வீட்டை வாங்காதீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரை.

இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் (வேல்ஸில் வரியும் சில விதிகளும் வேறு). ஸ்காட்லாந்தின் முறை முற்றிலும் வேறு. அங்கே நாம் தரும் விலையைச் சொல்வதே சொலிசிட்டர் வழியாகத்தான்.

முதலில்: வீடு அமையும் முன்பே ஆளைப் பாருங்கள்

வங்கியிடமிருந்து எவ்வளவு கடன் கிடைக்கும் என்ற உறுதி வந்த அன்றே தேடத் தொடங்குங்கள். வீடு முடிவாகாமல் கோப்பு திறக்க மாட்டார்கள். ஆனால் கட்டண மதிப்பீடு கேட்கலாம், பேசிப் பார்க்கலாம், இரண்டு மூன்று பேரை ஒப்பிடலாம். விலை முடிவான பிறகு இதற்கெல்லாம் ஒருவரும் நேரம் தர மாட்டார்கள். ஏஜென்ட் தினமும் அழைப்பார்.

ஏஜென்ட் சொல்லும் சொலிசிட்டரை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அப்படி ஆள் அனுப்புவதற்கு ஏஜென்டுக்குப் பெரும்பாலும் ஒரு தொகை போகிறது. அதை அவர்கள் உங்களிடம் சொல்லியாக வேண்டும், ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் கட்டுமான நிறுவனமே ஒரு பெயரை நீட்டும், அவரை எடுத்தால் சலுகை என்றும் சொல்லும். என் கருத்து: யார் சீக்கிரம் விற்க வேண்டுமென்று துடிக்கிறாரோ அவர் காட்டும் வக்கீலை எடுக்காதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அடுத்த மாதமும் அதே இடத்திலிருந்து வேலை வர வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு இருக்கும்.

உரிமம் உள்ளவரா என்று பாருங்கள்

இந்த வேலையைப் பெரும்பாலும் இரண்டு வகையினர் செய்கிறார்கள். ஒருவர் சொலிசிட்டர், இவரைக் கண்காணிப்பது எஸ்ஆர்ஏ என்ற அமைப்பு. மற்றவர் லைசென்ஸ்டு கன்வேயன்சர். வீடு, நில விற்பனைதான் இவருடைய முக்கியத் தொழில், கண்காணிப்பது சிஎல்சி. வழக்கமான ஒரு வீட்டுக்கு யாராக இருந்தாலும் சரி. விவாகரத்து, வாரிசுத் தகராறு போன்றவை கூடவே ஒட்டியிருந்தால் சொலிசிட்டரே நல்லது.

இரண்டு அமைப்புகளின் இணையதளங்களிலும் பெயரைப் போட்டுத் தேடலாம். ஐந்து நிமிட வேலை. நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு எண் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள், ஏனென்றால் உண்மையான நிறுவனத்தின் பெயரைத் திருடி மோசடி செய்பவர்களும் இருக்கிறார்கள். சொலிசிட்டர் நிறுவனம் என்றால், வீட்டு விற்பனைப் பணிக்காக லா சொசைட்டி தரும் சிக்யூஎஸ் தரச்சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் எல்லாம் சிறப்பு என்று அர்த்தமில்லை. இல்லையென்றால் ஏன் என்று கேட்கலாம்.

உங்கள் வங்கியின் பட்டியலில் இருக்கிறாரா?

கடன் தரும் ஒவ்வொரு வங்கியும் தான் ஏற்கும் சட்ட நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. உங்கள் ஆள் அதில் இல்லையென்றால் வங்கி தனக்கென்று வேறொருவரை வைக்கும். அந்தச் செலவும் உங்கள் தலையில், தாமதமும் உங்கள் தலையில். எந்த வங்கி என்று முடிவானதும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வழக்கமாக அதே சொலிசிட்டர் உங்களுக்காகவும் வங்கிக்காகவும் சேர்ந்தே வேலை செய்வார். கடன் முடிவைப் பாதிக்கக்கூடிய எதையும் அவர் வங்கியிடம் மறைக்க முடியாது. "இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அண்ணா" என்று சொல்லிப் பயனில்லை.

கட்டணத் தாளை வரிவரியாகப் படியுங்கள்

2018 டிசம்பரிலிருந்து, வீட்டு விற்பனை வேலை செய்யும் சொலிசிட்டர் நிறுவனங்கள் கட்டண விவரத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. ஆனால் விளம்பரத்தில் தெரியும் தொகைக்கும் கடைசி பில்லுக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கும். "400 பவுண்டுக்கு முடித்துத் தருகிறோம்" என்று தொடங்கும் தாளின் அடியில் இவை வரிசையாக நிற்கும்: வங்கிக்காகச் செயல்பட ஒரு தொகை, லீஸ்ஹோல்ட் (நிலம் வேறொருவருடையது, வீடு நீண்ட காலக் குத்தகையில்) என்றால் கூடுதல், அன்பளிப்புப் பணம் என்றால் கூடுதல், லைஃப்டைம் ஐஎஸ்ஏ என்ற அரசு உதவிச் சேமிப்பு என்றால் கூடுதல், அடையாளச் சரிபார்ப்பு, பணம் அனுப்பும் கட்டணம், வரிப் படிவம் நிரப்பும் கட்டணம், எல்லாவற்றின் மேலும் 20 சதவீத வாட் வரி. கூட்டிப் பார்த்தால் 1,200 பவுண்டு என்று நேராகச் சொன்ன பக்கத்துத் தெரு நிறுவனமே மலிவாக இருக்கும்.

நிறுவனத்தின் கூலியை ஒரு பக்கமும், வெளியே கட்டும் செலவுகளை இன்னொரு பக்கமும் பிரித்துக் கேளுங்கள். உள்ளூராட்சி கவுன்சிலின் பதிவுகளைப் பார்க்கும் கவுன்சில் தேடல், தண்ணீர் மற்றும் கழிவுநீர்த் தேடல், சுற்றுச்சூழல் தேடல், லேண்ட் ரெஜிஸ்ட்ரி பதிவுக் கட்டணம் ஆகியவை இரண்டாவது பக்கத்தில் வரும்; யாரிடம் போனாலும் இவை ஏறக்குறைய ஒரே அளவுதான். பேரம் பேச இடமிருப்பது முதல் பக்கத்தில்.

"வீடு முடியாவிட்டால் கட்டணமில்லை" என்ற வாக்குறுதியையும் நின்று படியுங்கள். அவர்கள் கூலி வாங்க மாட்டார்கள், அவ்வளவே. ஏற்கெனவே செய்த தேடல்களுக்கான சில நூறு பவுண்டு திரும்ப வராது. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்ற நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

பேசிப் பாருங்கள், பதிலை எடை போடுங்கள்

தேர்வு உண்மையில் நடப்பது இங்கேதான். என் கோப்பை யார் கையாளுவார், அவருடைய தகுதி என்ன, அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். பெரிய ஆலைகள் போல நடக்கும் சில நிறுவனங்களில் அழைக்கும் ஒவ்வொரு முறையும் வேறு குரல் பேசும். கையில் இப்போது எத்தனை கோப்புகள் என்றும் கேட்கலாம். பலர் நேராகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவர்கள் தயங்கும் விதமே ஒரு தகவல்.

அடுத்து, நீங்கள் வாங்க நினைக்கும் வகை வீட்டைப் பற்றி ஒரு கேள்வி போடுங்கள். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ இல்ஃபோர்டிலோ, வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு பழைய டெரஸ் வீடு என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் சமையலறையை நீட்டியிருக்கிறார்கள், மாடிக் கூரையில் ஓர் அறை, தோட்டத்தின் கடைசியில் குளியலறையோடு ஒரு தனிக் கட்டடம். "இதில் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

நல்ல பதில் இப்படி இருக்கும்: நீட்டிய பகுதிக்குத் திட்ட அனுமதி தேவைப்பட்டதா, இல்லாமலே கட்டக்கூடிய அளவுதானா, கட்டட விதிகளின்படி கவுன்சில் தந்த நிறைவுச் சான்று இருக்கிறதா, அடியில் பொதுக் கழிவுநீர்க் குழாய் ஓடினால் தண்ணீர் நிறுவனமான தேம்ஸ் வாட்டரின் அனுமதி வாங்கினார்களா, கூரை அறையைப் படுக்கையறை என்று சொல்லி விலை வைக்கத் தகுதி உண்டா, தோட்டக் கட்டடத்தில் யாராவது வாடகைக்கு இருக்கிறார்களா. மோசமான பதில் ஒரே வரி: "சான்று இல்லையென்றால் இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துவிடலாம்."

அந்த இன்ஷூரன்ஸ் சில இடங்களில் சரியான தீர்வுதான். ஆனால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்குத்தான் அது ஈடு. சரியாகக் கட்டாத கூரையை அது நிமிர்த்தி வைக்காது. இன்னொரு விஷயம்: அனுமதி இருக்கிறதா என்று நீங்களே ஆர்வக்கோளாறில் கவுன்சிலை அழைத்து விசாரித்துவிட்டால், அந்த இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கிடைக்காமலே போகும். ஆகவே சொலிசிட்டரைக் கேட்காமல் யாரையும் அழைக்காதீர்கள். கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பது சர்வேயரின் வேலை, சொலிசிட்டர் வீட்டை நேரில் பார்க்கவே மாட்டார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது வங்கிக்காக. உங்களுக்கென்று ஒரு சர்வே எடுத்து, அந்த அறிக்கையைச் சொலிசிட்டருக்கும் அனுப்புங்கள்.

தமிழ் பேசும் சொலிசிட்டரை எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மொழி பெரிய வசதி. பெற்றோருக்கு விளக்க வேண்டியிருக்கும்போதும், ஊரிலிருந்து வரும் பணத்தைப் பற்றிப் பேசும்போதும் அது கைகொடுக்கும். ஆனால் நம்மவர்கள் நடத்தும் நிறுவனங்களில் சில, குடிவரவு வழக்குகளையே முக்கியமாகச் செய்பவை. வீட்டு வேலை அங்கே பக்கவாட்டுத் தொழில். மற்றவர்களிடம் கேட்ட அதே கேள்விகளை இவர்களிடமும் கேளுங்கள். மாமாவின் சிநேகிதர் என்பதால் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவதும், தாமதமானால் சண்டை போட முடியாமல் நிற்பதும்தான் இதிலுள்ள உண்மையான ஆபத்து.

பணம் வந்த வழி

நம்மவர்களின் கோப்புகள் அதிகம் சிக்குவது இங்கேதான். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி, முன்பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் விசாரித்தாக வேண்டும். கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்காத ஆளைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

அப்பா தந்த பணம் என்றால், அது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கில்லை என்று அப்பா கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவருடைய அடையாளமும், அவருக்கு அந்தப் பணம் எப்படி வந்தது என்பதற்கான ஆதாரமும் வேண்டும். யாழ்ப்பாணத்து நாச்சிமார் கோயிலடியில் காணி விற்ற பணம் என்றால் விற்ற உறுதியின் பிரதி, வங்கியில் போட்ட பதிவு, இங்கே அனுப்பிய ரசீது மூன்றும் தொடராக இருக்க வேண்டும். தமிழில் இருப்பவற்றுக்கு மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்பைச் சில வங்கிகள் ஏற்பதே இல்லை. இதை முன்கூட்டியே கடன் தரகரிடம் கேட்டுவிடுங்கள்.

சீட்டுக் காசு இன்னும் சிக்கல். நண்பர்கள் வட்டத்தில் கட்டிய சீட்டை எடுத்து ரொக்கமாக வங்கியில் போட்டால், காகிதத்தில் அது எங்கிருந்தோ முளைத்த பணமாகத்தான் தெரியும். அதோடு, சீட்டை இடையிலேயே எடுத்துவிட்டு மிச்ச மாதங்களை இன்னும் கட்டிக்கொண்டிருந்தால், அது கடன். வங்கிக்குத் தெரிய வேண்டிய கடன். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், ஒரு வருடம் முன்பிருந்தே எல்லாவற்றையும் வங்கிக் கணக்கு வழியாக, பெயர் தெரியும்படி நடத்துங்கள். நகை விற்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த நிலைமைகளை முதல் பேச்சிலேயே சொலிசிட்டரிடம் சொல்லிப் பாருங்கள். "பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்" என்பவர் மூன்றாவது மாதத்தில், எல்லோரும் சாவிக்காகக் காத்திருக்கும்போது, அத்தனை ஆவணங்களையும் கேட்பார். இப்போதே பட்டியல் அனுப்புபவர் உங்கள் ஆள்.

ஊரில் உள்ள வீடும் இங்கே கட்டும் வரியும்

முதல் வீடு வாங்குபவருக்கு முத்திரை வரியில் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் 3,00,000 பவுண்டு வரை வரியில்லை, அதற்கு மேல் 5,00,000 வரை 5 சதவீதம். விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகை முழுவதும் போய்விடும். "முதல் வீடு" என்றால் இங்கிலாந்தில் முதல் வீடு அல்ல, உலகத்திலேயே முதல் வீடு. திருச்சியில் தாத்தா எழுதிவைத்த வீட்டில் ஒரு பங்கு உங்கள் பெயரில் இருந்தாலும் நீங்கள் முதல்முறை வாங்குபவர் இல்லை. இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருமே தகுதியாக இருக்க வேண்டும்.

அதற்கும் மேலே, 40,000 பவுண்டு அல்லது அதற்கு அதிக மதிப்புள்ள வீடோ வீட்டுப் பங்கோ வேறெங்காவது இருந்தால், கூடுதல் வீட்டு வரியாக மொத்த விலையில் 5 சதவீதம் சேரக்கூடும். கணவன் மனைவியை இதற்கு ஒன்றாகவே பார்ப்பார்கள், வீடு ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினாலும்கூட. 4,80,000 பவுண்டு வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சலுகையோடு 9,000, சலுகை இல்லாமல் 14,000, கூடுதல் வரியோடு 38,000. ஒரு கேள்விக்கான பதிலில் 29,000 பவுண்டு வித்தியாசம்.

வாரிசுப் பங்குகளுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு, அதனால் நீங்களே முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டுச் சொத்து பற்றிக் கேட்காமலே "முதல் வீடுதானே?" என்று தலையாட்டும் சொலிசிட்டர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். வரிப் படிவத்தில் உள்ளதற்குப் பொறுப்பு உங்களுடையது.

ஃபிளாட் வாங்குகிறீர்களா?

அப்படியானால் லீஸ்ஹோல்டில் நிறைய வேலை செய்தவர் கட்டாயம் வேண்டும். குத்தகையில் எத்தனை ஆண்டுகள் மிச்சம், 80 ஆண்டுக்குக் கீழே போய்விட்டதா, நில உரிமையாளருக்குக் கட்டும் தரை வாடகை எவ்வளவு, அது எப்படி ஏறும், பராமரிப்புக் கட்டணம் என்ன, பெரிய பழுதுபார்ப்பு ஏதும் வரப்போகிறதா என்று அவர் தோண்ட வேண்டும். 11 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடம் என்றால் 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்து சேரும். வெளிச்சுவர்த் தீப்பாதுகாப்பு ஆவணங்களும், பழுதுச் செலவு யாருடையது என்று காட்டும் சான்றும் தேவைப்படும். இத்தகைய கட்டடங்களைத் தொடவே மாட்டோம் என்று சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. கோப்பைத் திறந்து ஆறு வாரம் கழித்து அதை அறிந்துகொள்வது கொடுமை. கட்டடத்தின் பெயரையும் மாடிகளின் எண்ணிக்கையையும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

நியமித்த பிறகு

அடையாள ஆவணங்களை அன்றே அனுப்புங்கள், படிவங்களை நிரப்பிக் கொடுங்கள், தேடல்களுக்குப் பணம் கட்டுங்கள். தாமதத்தில் பாதி வாங்குபவரின் மேசையில்தான் நடக்கிறது. விலை முடிவானதிலிருந்து சாவி கைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆவது சாதாரணம். வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட கேள்வியோடு மின்னஞ்சல் எழுதுங்கள். "எப்படிப் போகிறது?" என்றால் "போய்க்கொண்டிருக்கிறது" என்றுதான் பதில் வரும். "கவுன்சில் தேடல் வந்ததா, விற்பவர் தரப்பில் எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை?" என்றால் கோப்பைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இருவராக வாங்கினால், வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று சொலிசிட்டர் கேட்பார். ஒரு முறையில் ஒருவர் இறந்தால் முழுவதும் மற்றவருக்குப் போகும், உயில் என்ன சொன்னாலும் சரி. இன்னொரு முறையில் அவரவர் பங்கு அவரவருடையது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து, வேறுவேறு அளவு பணம் போட்டு வாங்கினால் இரண்டாவதைத் தேர்ந்து, பங்குகளைத் தனிப் பத்திரமாக எழுதிவைப்பது நல்லது. அவர்களுக்குள் எவ்வளவு ஒற்றுமை இருந்தாலும் எழுதிவைக்கட்டும்.

ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் நாளில் வழக்கமாக விலையில் 10 சதவீதம் கட்ட வேண்டும். அதன் பிறகு பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். அதே நாளிலிருந்து கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸும் உங்கள் பெயரில் தொடங்கியிருக்க வேண்டும். சொலிசிட்டர் தரும் அறிக்கையை அதற்கு முன்பே முழுவதும் படித்து, புரியாததை எழுதிக் கேளுங்கள்.

பணம் அனுப்பும்போது எச்சரிக்கை வேண்டும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொலிசிட்டர் பெயரில் மின்னஞ்சல் வந்தால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோசடிக்காரர்கள் பணம் நகரும் நாளைத் தெரிந்துகொண்டு, அதுவும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், இப்படி எழுதுகிறார்கள். கணக்கு எண்ணை முதல் சந்திப்பிலேயே வாங்கி வையுங்கள். அனுப்பும் முன், அந்தச் சந்திப்பில் குறித்துவைத்த தொலைபேசி எண்ணில் அழைத்துச் சரிபாருங்கள். மின்னஞ்சலின் அடியில் இருக்கும் எண்ணில் அழைக்க வேண்டாம்.

வேலையில் குறை இருந்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் தீரவில்லையென்றால் சட்டச் சேவைப் புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணமில்லை.

சாவி வந்ததும் சொலிசிட்டரின் வேலை முடிந்துவிடவில்லை. 14 நாளுக்குள் வரிப் படிவமும் வரியும் போய்ச் சேர வேண்டும், பிறகு லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு விண்ணப்பம். பதிவு முடியச் சில மாதங்கள் ஆகலாம். முடிந்ததும் பதிவேட்டின் பிரதியைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் பெயர் முன்னால் வருவதும் பின்னால் வருவதுமாக நம் பெயர்கள் படும் பாடு தெரிந்ததுதானே. பின்னாளில் விற்கப் போகும்போது திருத்துவதைவிட இப்போது திருத்துவது எளிது. லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இலவச எச்சரிக்கைச் சேவையிலும் வீட்டைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் வீட்டின் பேரில் யாராவது விண்ணப்பம் போட்டால் மின்னஞ்சல் வரும்.